பூந்தோட்டத்துப் பூட்டு

ஏப்ரல் 29

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. வலது தொடை எலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்துக்குக் கால் தரையில் படக்கூடாதாம். டாக்டர் சின்னப் பையன். "எல்லாம் பெட்லயேதான் தாத்தா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்குச் சிரிப்பு வரும், ஏன் வராது.

இது தோட்டத்துக்காக வைத்திருக்கும் டைரி. சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எந்தச் செடி எப்போது மொட்டு விட்டது, எதற்கு எரு போட்டேன் என்பதைத்தான் இதில் எழுதிவருகிறேன். சொந்தக் கதை எழுதுவதில்லை. விழுந்ததை மட்டும் குறித்துவைக்கிறேன்: பன்னீர் ரோஜாத் தொட்டியைத் தூக்கி ஜன்னலோரம் நகர்த்தும்போது ஹோஸ் பைப் காலில் சிக்கிச் சிமென்ட் தரையில் விழுந்தேன். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போடச் சொன்னேன். இங்கிருந்து தோட்டம் முழுக்கத் தெரிகிறது. இடதுபக்கம் குண்டுமல்லிப் புதர்கள், நடுவில் கனகாம்பரம், சுவரோரம் இட்லிப்பூ, செம்பருத்தி, மூலையில் அந்திமந்தாரை. எதிரே பச்சை கேட். அதில் மூன்றாவது கம்பியில் ஒரு இடத்தில் மட்டும் பெயின்ட் போயிருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நானே அடிக்கிறேன், அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் நிற்பதே இல்லை. இப்போது வரும் பெயின்டெல்லாம் அவ்வளவுதான்.

கேட் சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது.

மே 1

என் மனைவி கோமளா காலையில் வெயில் ஏறிய பிறகு தண்ணீர் ஊற்றினாள். சூடான மண்ணில் தண்ணீர் பட்டால் வேர் வெந்துவிடும் என்று முப்பது வருஷமாகச் சொல்கிறேன். படுக்கையிலிருந்தே கத்தினேன். "உங்களக் குளிப்பாட்டி முடிச்சிட்டுத்தானே வரமுடியும்" என்றாள். நாளையிலிருந்து செடிக்கு முதலில், எனக்குப் பிறகு என்று சொல்லிவிட்டேன்.

மே 4

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேலூருக்குத் தனியாக அக்னி நட்சத்திரம் எதற்கு என்று ஆபீசில் பேசிக்கொள்வோம். மலையைச் சுற்றி உட்காரவைத்துச் சூடு பிடிக்கிற ஊர் இது.

ஆனால் மல்லிக்கு இந்த வெயில்தான் பிடிக்கும். சாயங்காலம் புதர் முழுக்க வெள்ளை வெள்ளையாக மொட்டு. இருட்டியதும் ஒவ்வொன்றாக வாய் திறந்து, ஜன்னல் வழியாக வாசனை வந்து கட்டில்மேல் உட்கார்ந்துகொள்கிறது. நடமாடிக்கொண்டிருந்தபோது எனக்கு இது தெரியவில்லை. களை பிடுங்குவேன், பூச்சி பார்ப்பேன், தண்ணீர் விடுவேன், உள்ளே போய்விடுவேன். சும்மா கிடந்து பார்ப்பது இப்போதுதான்.

மே 6

இட்லிப்பூவுக்கு ஒரு தேன்சிட்டு வருகிறது. ஊதா நிறம், கட்டைவிரல் அளவு. தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கிறது. காலையில் ஒரு தடவை, வெயில் தாழ ஒரு தடவை. கோமளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது ரொம்ப வருஷமா வருது" என்றாள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

மே 8

கோமளா பால் வாங்கப் போக, கடைக்குப் போக, குப்பை போட, ஒவ்வொரு தடவையும் வந்து சாவி கேட்கிறாள். தலையைத் தூக்கி எடுத்துக் கொடுத்தால் இடுப்பில் சுரீர் என்கிறது. "கேட்டைத் திறந்தே வெக்கலாமே, வீட்லதானே இருக்கோம்" என்றாள். திறந்து வைப்பதாம். விடிவதற்குள் இந்தத் தெருவில் பாதிப் பேர் பூஜைக்கு என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ரிட்டையர்டு ஆன தலைமை ஆசிரியர் ஒருவரையே செம்பருத்தியும் கையுமாகப் பிடித்திருக்கிறேன். அதனால்தான் ஆபீஸ் போன காலத்திலேயே கேட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவது என் பழக்கம். கோமளாவுக்கு வெளியே என்ன வேலை? காய்கறி, மளிகை எல்லாம் நானே வாங்கிப் போட்டுவிடுவேன்.

பூக்காரி கன்னியம்மா மட்டும் தினம் வருவாள். பூட்டிய கேட்டின் கம்பி வழியாக முழம்போட்டு நீட்டிவிட்டுப் போவாள். வீட்டில் இவ்வளவு பூ இருக்கும்போது கோமளா காசு கொடுத்துப் பூ வாங்குவதைப் பார்த்துத் தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் தோட்டத்தில் பூவைப் பறிக்கக் கூடாது. செடியில் இருக்கும்வரைதான் அது பூ, பறித்துவிட்டால் குப்பை. கல்யாணமான புதிதிலேயே இதைச் சொல்லிவிட்டேன். அவளும் ஒருநாளும் பறித்ததில்லை.

மே 9

வெயில். முதுகு முழுக்க வேர்க்குரு. கட்டிலோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது. ஒரு பக்கம் திரும்பக்கூட ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் உடனே வருவதில்லை.

மே 11

மல்லியில் மொட்டு குறைந்திருக்கிறது. நேற்று மத்தியானம் வெளேரென்று இருந்தது, தூங்கி எழுந்து பார்த்தால் பச்சையாக இருக்கிறது. திருடன்தான். சுவரேறி வந்திருக்கிறான். கோமளாவிடம் கேட்டேன். "வெயில்ல உதிர்ந்திருக்கும்" என்றாள். மல்லி மொட்டிலேயே உதிருமா? தோட்டத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

இனி மத்தியானம் தூங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

மே 12

தூங்கிவிட்டேன். மாத்திரை அப்படி. எழுந்தபோது கனகாம்பரமும் போயிருந்தது.

சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது கோமளா, "வைகாசி ஒண்ணு வருது" என்றாள்.

"வரட்டும்."

"எங்க ஊர்ல சிரசு."

குடியாத்தம் அவள் பிறந்த ஊர். அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அம்மன் தலையை ஊர்வலமாகத் தூக்கிவருவார்கள். எங்கள் பையன் கருணாகரன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கடைசியாகப் போனாள். அவன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், அவனுக்கே முன்வழுக்கை விழுந்துவிட்டது.

"காலைல போனா சாயந்தரம் வந்துடுவேன். ஒரு எட்டு போய்ட்டு வரட்டுமா?"

"நான் கிடக்கிற கிடையில உனக்குத் திருவிழா கேக்குதா?"

"போன வருஷம் நல்லாத்தானே இருந்தீங்க."

"போன வருஷம் நீ போயிருந்தா செடிக்குத் தண்ணி யார் ஊத்துவா? கத்திரி வெயில்ல ஒரு நாள் விட்டாலும் போச்சு. உனக்குத் தெரியாதா?"

வாயைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். விஷயம் முடிந்தது. ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் முடியும். அவளும் புரிந்துகொள்வாள்.

மே 13

மோரில் மல்லி வாசனை அடிக்கிறது. எனக்கு மூக்குக் கெட்டுவிட்டதா என்று இன்னொரு தடவை குடித்துப் பார்த்தேன். மல்லி வாசனைதான். கோமளாவிடம் சொன்னால், "ஜன்னல் பக்கத்துலயே படுத்திருக்கீங்கல்ல" என்கிறாள்.

மே 14

மொட்டு ஒன்றுகூட இல்லை. புதரை யாரோ சீவிவிட்டதுபோல் இருக்கிறது. சுவர்மேல் கண்ணாடித் துண்டு பதிக்க ஆள் சொல்ல வேண்டும். இந்தத் திருடன் ரொம்பப் பொறுமைசாலி. ஒரு இலையைக்கூடக் கிழிக்கவில்லை.

மே 15, காலை

விழித்தபோது தலையணைக்கு அடியில் சாவி இல்லை.

கோமளா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் புடவை. கையில் கூடை, மேலே ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. அறை முழுக்க மல்லி வாசனை. அப்போதுதான் மோர் விஷயம் எனக்குப் புரிந்தது. பறித்ததையெல்லாம் ஃபிரிட்ஜில் சேர்த்துவைத்திருக்கிறாள்.

"சொம்புல தண்ணி இருக்கு. தயிர் சாதம் மூடி வெச்சிருக்கேன். ஒண்ணுக்குப் போற பாட்டில் கட்டிலுக்குக் கீழ கைக்கெட்ற தூரம்தான். விசிறியும் அங்கதான் இருக்கு. சிரசு பாத்துட்டு வந்துடறேன்."

"யாரைக் கேட்டுப் போற?"

"சாவிய எடுத்துக்கினேன்" என்றாள். கேட்டதற்கு அதுதான் பதில்.

நான் மேலே பேசுவதற்குள் போய்விட்டாள். கேட்டைச் சாத்திப் பூட்டினாள். அந்தப் பூட்டின் சத்தத்தை உள்ளே இருந்து கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை. வெளியே நின்று பூட்டும்போது சின்னதாக 'டக்' என்று கேட்கும், அவ்வளவுதான். உள்ளே பெரிதாகக் கேட்கிறது.

மே 15, முற்பகல்

போன் ஹாலில் சார்ஜரில் இருக்கிறது. இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. கருணாகரனாக இருக்கும். பக்கத்து வீட்டு லாசர் சாரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவர்கள் லீவுக்கு ஊருக்குப் போயிருப்பது பிறகுதான் நினைவு வந்தது. தெருவில் ஒருவன் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, கேட்டில் பூட்டைப் பார்த்து, யாரும் இல்லை என்று போய்விட்டான். நான் கத்திக்கொண்டேதான் இருந்தேன். அவன் காதில் ஏதோ மாட்டியிருந்தான்.

கரண்ட் வேறு போய்விட்டது.

மே 15, மத்தியானம்

தயிர் சாதம் சாப்பிட்டேன். ஊறுகாய் வைத்திருக்கிறாள், என் பக்கம் கைப்பிடி இருக்கும்படி ஸ்பூனைத் திருப்பி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் இன்னும் கோபம் வந்தது.

வெயில் கண்ணைக் குத்துகிறது. செம்பருத்தி இலையெல்லாம் துவண்டு தொங்குகிறது. காலையில் அவள் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போயிருக்கிறாள், மண் ஈரமாக இருந்தது, இப்போது காய்ந்துவிட்டது. ஜன்னலுக்கு நேர்கீழே பன்னீர் ரோஜாத் தொட்டி. என் காலை ஒடித்த தொட்டி. சிமென்ட்டின் சூட்டில் அது பாவம் தலை சாய்த்துவிட்டது. கையை நீட்டினால் கிளை படுகிறது, தூக்கி நிழலில் வைக்கத்தான் முடியவில்லை. அதுவும் நகர முடியாது, நானும் நகர முடியாது.

சொம்பில் இருந்த தண்ணீரில் பாதியைக் கம்பி வழியாக ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து மீதியையும் ஊற்றிவிட்டேன். அது முட்டாள்தனம்தான். நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மே 15, பிற்பகல்

அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அங்கே அவளுக்கு அக்கா இருக்கிறாள், வீடு இருக்கிறது. இரு என்றால் இருந்துவிடலாம். திரும்பி வருவதற்கு இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன்.

தோட்டம் காய்ந்துவிடும். அதுதான் கவலை.

பயமாகவும் இருக்கிறது. எழுதக் கூடாது என்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

மே 15, சாயங்காலம்

வெயில் தாழ்ந்ததும் மூலையில் அந்திமந்தாரை பூத்தது. மொட்டு முறுக்கு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடை விரிவதுபோல் விரிந்ததை முழுக்கப் பார்த்தேன். ரோஸ், மஞ்சள், ஒரே பூவில் இரண்டு நிறமும் கலந்தது ஒன்று. தேன்சிட்டு வந்தது. பன்னீர் ரோஜா தலையைத் தூக்கியிருந்தது. இவ்வளவு அழகான தோட்டத்தை வைத்துக்கொண்டு, கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பூட்டுத் திறக்கிற சத்தம். நெற்றி நிறையக் குங்குமம், புடவை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர்க் கறை. தலையில் எங்கள் வீட்டு மல்லி. முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. அவளை இப்படிச் சிரித்த முகமாகப் பார்த்து எத்தனை வருஷமாகிறது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"தண்ணி" என்றேன்.

காலிச் சொம்பைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே ஈரமாக இருந்த தொட்டியைப் பார்த்தாள். போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மே 16

"பூவெல்லாம் நீதான் பறிச்சியா?"

"ஆமா. அம்மனுக்கு மாலை கட்டிச் சாத்தறதா வேண்டிக்கினேன். நம்ம வீட்டுப் பூவுலயே."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. "என் காலுக்கா?" என்றேன்.

"இல்ல. எனக்கு."

என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்கவில்லை.

மே 20

சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. கடைக்குப் போகும்போதெல்லாம் கேட்டைப் பூட்டிக்கொண்டு போகிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம். இன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"எதுக்குப் பூட்டற? நான் எங்க ஓடிப்போகப் போறேன்?"

"பூத்திருடங்க வருவாங்கல்ல" என்றாள்.

குரலில் கிண்டல் இருந்ததா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மே 28

அக்னி நட்சத்திரம் முடிந்ததாம். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மல்லி திரும்பவும் மொட்டு விட்டு நிறைந்திருக்கிறது, முன்பைவிட அதிகமாக. பறிக்கப் பறிக்கத்தான் தழைக்கும்போல. கோமளா இப்போது எதையும் பறிப்பதில்லை. கன்னியம்மாவிடம் வாங்கித்தான் வைத்துக்கொள்கிறாள். என்னைக் கேட்டுப் பறிக்க அவளுக்கு விருப்பமில்லை. நானும் பறித்துக்கொள் என்று சொல்லவில்லை, வார்த்தை வாய்வரை வந்து திரும்பிப்போய்விட்டது. காலையில் பார்த்தால் தரையெல்லாம் பழுப்புப் பழுப்பாக உதிர்ந்து கிடக்கிறது.

ஜூன் 6

பிடித்து நடக்க டாக்டர் ஒரு வாக்கர் கொடுத்துவிட்டான். அறைக்குள்ளேயே நாலு தடவை நடந்தேன். குழந்தை நடை. கோமளா பின்னாலேயே வந்தாள். விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் தொடவில்லை.

ஜூன் 8

கோமளா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வாசற்படிக்கு லாசர் சார் பலகை சாய்த்துக் கொடுத்திருக்கிறார். வாக்கரை வைத்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். தோட்டத்து மண்ணை மிதித்தது எத்தனையோ நாளுக்குப் பிறகு. மல்லியைத் தொட்டுப் பார்த்தேன், கனகாம்பரத்தைப் பார்த்தேன். பன்னீர் ரோஜா இரண்டு பூ விட்டிருந்தது. நின்று ரசிக்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் கால் தானாகக் கேட் பக்கம் போயிற்று. தெருவைக் கிட்டத்தில் பார்த்து ஒரு மாசத்துக்குமேல் ஆகிறது. ஒரு கை வாக்கரில், இன்னொரு கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இஸ்திரி வண்டி போயிற்று. இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். அவர்கள் பேசுவது திருப்பம்வரை கேட்டது.

கன்னியம்மா கூடையோடு வந்தாள்.

"இன்னா சார், எழுந்துட்டீங்களா? அம்மா இல்ல?"

"மார்க்கெட்டுக்குப் போயிருக்கா. பூட்டிக்கிட்டுப் போயிட்டா."

பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மாவும் இங்கதான் நின்னுனு இருப்பாங்க சார். நீங்க ஆபீசுக்குப் போனதும் வந்து இந்தக் கம்பியப் புடிச்சிக்கினு நிப்பாங்க. நான் பூ குடுத்துட்டு, பின்னாடித் தெருவெல்லாம் சுத்திட்டுத் திரும்பி வரச்சொல்லோவும் அப்படியே நிப்பாங்க. போறவங்க வர்றவங்களப் பாத்துனு. சில நாளு எதனா பேசு கன்னியம்மான்னு சொல்வாங்க. எனக்கு எங்க நேரம்."

என் கையைப் பார்த்தேன். மூன்றாவது கம்பியில், பெயின்ட் போன அந்த ஒரு சாண் இடத்தில் இருந்தது. அங்கே இரும்பு வழவழவென்று இருந்தது. நான் என்னவோ பெயின்ட் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன், எத்தனை பொங்கலாக.

"ஒரு முழம் அம்மாவுக்கு வாங்கி வெக்கிறீங்களா சார்?" என்று கம்பி வழியாக நீட்டினாள்.

"வேணாம்மா. வீட்டுலயே இருக்கு" என்றேன்.

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு வியாபாரம் போன வருத்தமாகவும் இருக்கலாம். கோமளா வரும்வரை அங்கேயே நின்றேன். கால் கடுத்தது. உள்ளே போயிருக்கலாம், போக மனசு வரவில்லை.

அவள் தெருமுனையில் திரும்பும்போதே என்னைப் பார்த்துவிட்டாள். நடை கொஞ்சம் தயங்கியது. பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். என் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். நான் கையை எடுக்கவில்லை.

"பூட்டு இனிமே வேணாம் கோமளா."

"பூ போயிடுமே."

"போகட்டும்."

பூட்டைத் திறந்து கையில் எடுத்தாள். பிறகு அதைக் காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

ஜூன் 10

விடியற்காலையில் தலைமை ஆசிரியர் வந்து செம்பருத்தி பறித்துக்கொண்டு போனார். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "இட்லிப்பூவும் இருக்கு சார்" என்றேன். சொன்ன பிறகு வயிறு எரிந்தது. அது எரியத்தான் செய்யும்.

ஜூன் 13

காலையில் கோமளா, "அக்காவப் பாத்துட்டு நாளைக்கு வர்றேன்" என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. லாசர் சார் வீட்டில் சாப்பாட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் தெருவில் போயிற்று.

எப்போது வருவாய் என்று கேட்டிருக்கலாம். நாளைக்கு என்றுதான் சொல்லியிருக்கிறாளே.

பிற்பகல் நாற்காலியை மல்லிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மடியில் துண்டை விரித்துக்கொண்டு, கைக்கு எட்டிய மொட்டையெல்லாம் பறித்தேன். முதல் மொட்டுக்குக் கை கூசியது. காம்பைக் கிள்ள வேண்டுமா, சுண்ட வேண்டுமா என்று தெரியாமல் இரண்டு மூன்று நசுங்கிவிட்டது. பிறகு பழகிவிட்டது. துண்டு நிறைந்துவிட்டது. எனக்குக் கட்டத் தெரியாது, அவள் வந்து கட்டிக்கொள்வாள். ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில், மோருக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.